எல்லாம் வந்தாச்சு, படம்தான் பாக்கி

எண்ணெய் வண்ண ஓவிய வகுப்பு எந்த ஊரில் தொடங்கினாலும் நம்மவர் ஒருவர் அதில் சேர்ந்திருப்பார். வங்கியிலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றிருப்பார். இல்லையென்றால் சாஃப்ட்வேர் கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருப்பார். வயதும் உத்தியோகமும் ஆளுக்கு ஆள் மாறும். வகுப்புக்கு இரண்டு மாதம் முன்பே சாமான் வாங்க இறங்கிவிடுவது மட்டும் மாறவே மாறாது.

மாஸ்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பட்டியல் ரொம்பச் சின்னது. 6 ட்யூப், 3 பிரஷ், ஒரு பேலட் கத்தி, கொஞ்சம் லின்சீட் ஆயில், டர்பன்டைன், 12க்கு 16 அங்குலத்தில் ஒரு கேன்வாஸ் போர்டு, துடைக்கப் பழைய பனியன். பட்டுப் புடவையின் ஜரிகையை இழை இழையாகத் தீட்டிக் காட்டும் நுணுக்க ஓவியத்துக்குக்கூட ஆரம்பத்தில் இவ்வளவு போதும் என்பது மாஸ்டர் கட்சி. நம்மவர் படித்துப் பார்த்துவிட்டு, "பாவம், எல்லாருக்கும் வசதி இருக்கணுமேன்னு குறைச்சுப் போட்டிருக்கார்" என்பார். வீட்டில் பழைய பனியனுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நூல் பிரியாத துணி என்று ஒரு கட்டு விலைக்கு வந்து சேரும்.

கடையில் அவரைப் பார்க்க வேண்டும். "ஸ்டூடன்ட் குவாலிட்டியா, ஆர்ட்டிஸ்ட் குவாலிட்டியா சார்?" என்று பையன் கேட்பான். சீனியர் மேனேஜராக ரிடையர் ஆன மனிதரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஆர்ட்டிஸ்ட் குவாலிட்டிதான். அதோடு விடமாட்டார். ஒவ்வொரு ட்யூபையும் திருப்பி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, லேபிளின் பொடி எழுத்தைப் படிப்பார்.

"காட்மியம் ரெட் கேட்டா, காட்மியம் ரெட் ஹியூ குடுக்கிறியேப்பா?"

"கலர் ஒண்ணுதான் சார்."

"பார்க்கத்தான் ஒண்ணு. ஹியூன்னு போட்டிருந்தா உள்ளே காட்மியமே கிடையாது. விலை குறைஞ்ச வேற நிறமி."

அவர் சொல்வது சரிதான். பையன் ஏணி போட்டு ஏறி அசல் காட்மியத்தை எடுத்துத் தருவான். அதன் விலையைப் பார்த்ததும் நம்மவருக்கு ஒரு கணம் தொண்டை அடைக்கும். வாயைத் திறந்தாகிவிட்டது, வாங்கித்தான் ஆகவேண்டும்.

வெள்ளையில் இன்னும் கஷ்டம். டைட்டானியம் ஒயிட் நன்றாக மூடும். ஆனால் எந்த நிறத்தில் கலந்தாலும் அதை அமுக்கிவிடும். ஜிங்க் ஒயிட் சாது. ஆனால் வருஷம் போகப் போக விறைத்து விரிசல் விடும். அந்தக் காலத்து மேதைகள் பயன்படுத்திய லெட் ஒயிட் ஈயம், அதாவது விஷம். இத்தனையும் தெரிந்தவர் எதை வாங்குவார்? முதல் இரண்டையும் வாங்கிவிட்டு, மூன்றாவது எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வைப்பார்.

பிரஷ் விஷயத்தில்தான் வீட்டில் வெடித்தது. எண்ணெய் வண்ணத்துக்கு விறைப்பான முடி வேண்டும், அதற்கு ஹாக் பிரிசில்தான் சரி என்று ஃபிளாட், ரவுண்ட், ஃபில்பர்ட் என வகைக்கு அரை டஜன் வாங்கி, பூஜை அறையை ஒட்டிய அலமாரியில் அடுக்கியிருந்தார்.

"என்னங்க, ஹாக்னா என்ன?"

"அது வந்து... ஒரு மாதிரி முடி."

"எதோட முடி?"

நம்மவர் பொய் சொல்லத் தெரியாதவர். பன்றி முடி அன்று சாயங்காலமே பால்கனிக்குக் குடிபோனது. நுணுக்க வேலைக்கென்று வாங்கிய கோலின்ஸ்கி பிரஷ், சைபீரியாப் பக்கத்துக் கீரி போன்ற ஒரு பிராணியின் வால்முடி என்பதையும் அவராகவே ஒப்புக்கொண்டார்; அதுவும் பின்னாலேயே போனது. மறுநாள் சுத்த சைவமாக நைலான் பிரஷ் முழு செட்டும் வாங்கி வந்தார். செலவு இரட்டிப்பானதில் அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது என்று சொல்ல முடியாது.

லின்சீட் ஆயிலைப் பார்த்த வீட்டம்மா, "ஆளிவிதை எண்ணெய்தானே, நாட்டு மருந்துக் கடையில கிடைக்குமே" என்றார். நம்மவர் அரை மணி நேரம் விளக்கினார். இந்த எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை; காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு இறுகுகிறது. அப்போது சூடு பிறக்கும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளவும் கூடும். அதற்காக மூடி போட்ட தகர டப்பா ஒன்று வாங்கி, தண்ணீர் ஊற்றித் தயாராக வைத்திருக்கிறார். இதுவரை ஆபத்து ஒன்றுமில்லை. துணியில் எண்ணெய் பட்டால்தானே?

தச்சரிடம் சொல்லித் தேக்கில் செய்த ஈசல் சீலிங் ஃபேனில் இடித்தது. அடுக்ககச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், பராமரிப்புத் தொகை பாக்கி வைத்தவர்கள் பட்டியலைச் சுமந்து நின்றதுதான் அது இதுவரை கண்ட பொதுச்சேவை.

ஒருவழியாக வகுப்பு தொடங்கியது. சக்கரம் வைத்த பெட்டியை உருட்டிக்கொண்டு நம்மவர் உள்ளே நுழைந்தார். திறந்தால் 48 நிறங்கள். மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "மூணு மாசத்துக்கு இதுல ரெண்டு போதும் சார். பர்ன்ட் அம்பர், ஒயிட். முதல்ல நிழலும் வெளிச்சமும் வரட்டும், கலர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். பர்ன்ட் அம்பர் மட்டும் பெட்டியில் இல்லை. சாதாரண நிறம்தானே, எங்கும் கிடைக்கும் என்று விட்டுவைத்திருந்தார்.

வகுப்பில் அவர் சும்மா இருப்பதில்லை. 1841இல் ஜான் ராண்ட் என்ற அமெரிக்கர் தகர ட்யூபுக்குக் காப்புரிமை வாங்கும்வரை ஓவியர்கள் வண்ணத்தைப் பன்றியின் மூத்திரப்பையில் கட்டி வைத்திருந்தார்கள் என்பார். (இதை வீட்டில் சொல்லவில்லை.) சுவீடனின் ஆண்டர்ஸ் சோர்ன் என்ற ஓவியர் பெயரால் நான்கே நிறம் கொண்ட பேலட் ஒன்று இருக்கிறது என்பார். 1868இல் திருவாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன், ரவிவர்மாவுக்குச் சொல்லித்தர மனமில்லாமல் தான் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்ததையும், பார்த்தே அவர் கற்றுக்கொண்டதையும் உருகிச் சொல்வார். நான்கு நிறக் கதையையும் வெறுங்கண்ணால் கற்றவர் கதையையும் 48 ட்யூபுக்கு நடுவில் உட்கார்ந்து சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்ததே இல்லை.

பக்கத்து ஸ்டூலில் ஒரு கல்லூரி மாணவி. அவளிடம் மாஸ்டர் சொன்ன 6 ட்யூப் மட்டும்தான். எண்ணெய் வண்ணத்தில் முதலில் தீர்வது வெள்ளை. "அங்கிள், கொஞ்சம் ஒயிட்" என்று கை நீட்டுவாள். தன் பேலட்டில் கடுகளவு வைத்து, அதையும் வீணாகுமே என்று பார்த்துக்கொண்டிருப்பவர், அவளுக்குப் பெரிய மனதோடு பிதுக்கிக் கொடுப்பார். அடுத்த வாரம் நீலம். அதற்கடுத்து அந்த அசல் காட்மியம்.

இவரைக் கஞ்சன் என்றோ பகட்டுக்காரர் என்றோ சொன்னால் பாவம். தம்பி தங்கையோடு ஒரே வாட்டர் கலர் டப்பாவைப் பங்கு போட்டு, தன் முறை வரும்போது நீலக்குழி காலியாகக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவர். இப்போது எந்தக் குழியும் காலியாக இருக்கக் கூடாது. தவிர, திறக்காத ட்யூபில் எந்தத் தப்பும் நடக்காது. கேன்வாஸில் முதல் கோடு இழுத்த கணமே நம் கை எவ்வளவு என்று ஊருக்குத் தெரிந்துவிடும். கடைக்காரர் அப்படியெல்லாம் மனிதரைச் சோதிப்பதில்லை.

வருஷக் கடைசிக் கண்காட்சியில் அந்தப் பெண்ணின் படம் சுவரில் தொங்கியது. பித்தளைக் குத்துவிளக்கு, பக்கத்தில் மடித்து வைத்த பட்டுப் புடவை. ஜரிகையில் விளக்கொளி மின்னியது. வந்தவர்களை நம்மவர்தான் அதன் முன் நிறுத்திப் பெருமையாக விளக்கினார்: "அந்த ஜரிகை மினுக்கு தெரியுது பாருங்க, அந்த ஒயிட் என்னோடது."

ஆகவே, ஓவிய வகுப்பில் சேரப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை. சாமான் வாங்க அவசரப்படாதீர்கள். முதல் நாள் கொஞ்சம் முன்னதாகவே போங்கள். சக்கரம் வைத்த பெட்டியோடு யார் வருகிறார் என்று பாருங்கள். அவர் பக்கத்து ஸ்டூலைப் பிடியுங்கள். பழைய பனியன் மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள், அது அவரிடம் இருக்காது.