ஞாயிறு மட்டும் போதுமா?

கேள்வி: ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன். நல்ல கத்தோலிக்கராக இருக்க அது போதாதா?

பதில்: பூசையில் குறை வைக்காதீர்கள், நம் விசுவாசத்தின் ஊற்று அதுதான். ஆனால் முடிவில் சாமியார் ஆசீர்வதித்து நம்மை அனுப்பிவைக்கிறாரே, பிரியாணிக்கு மட்டுமா?

தேவசகாயத்தைப் பாருங்கள். குருவும் அல்ல, துறவியும் அல்ல. மணமானவர், திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அதன்பின் சாதி பாராமல் எல்லோரோடும் பழகினார், உடன் அமர்ந்து உண்டார். அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமா? சிறை, சித்திரவதை எல்லாம் பட்டு, 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். பொதுநிலையினரில் இந்தியாவின் முதல் புனிதர் அவர்.

ஒரே நற்கருணையை வாங்கும் நாம், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட சாதிக்கொரு பக்கம் ஒதுக்கினோம். இறந்தவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டே! உயிர்த்தெழும்போதும் தனித்தனி வரிசையா?

பாவசங்கீர்த்தனத்தில் கோபம், பொய் எல்லாம் சொல்கிறோம். சாதி பார்த்ததைச் சொல்கிறோமா? அடுத்த முறை அதையும் சொல்லுங்கள். வெளியே வந்ததும், இதுவரை உங்கள் வீட்டுப் பந்தியில் உட்காராத ஒருவரைச் சாப்பிட அழையுங்கள்.