டிராக்டர் செம்பதிப்பு

பழைய டிராக்டருக்கு மறுபடி பெயின்ட் அடிப்பதைப் பதிப்புத் துறையின் ஒரு கிளையாகவே கொள்ள வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. சுவடி பதிப்பிப்பவர் மூலபாடம் எது, பின்னால் வந்தவர் செருகியது எது, கரையான் தின்றது எது என்று பிரிப்பார். மன்னார்குடிப் பக்கம் மாட்டுக்கொட்டகை ஓரமாக முப்பது ஆண்டாய் நிற்கும் மாஸி ஃபெர்குசன் 1035 ஒன்றின் மட்கார்டை 80ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்க்கிறவரும் அதைத்தான் செய்கிறார். மேலே வெளிறிய ரோஸ். அதன்கீழ் ஒரு சிவப்பு. அதற்கும் கீழே மெல்லிசாக ஒரு பச்சை. வண்டி இடையில் கைமாறியிருக்கிறது, வாங்கியவருக்குக் கட்சிப் பற்றோ வேண்டுதலோ இருந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். அடியில் தொழிற்சாலைச் சிவப்பு. ஓரங்களில் கரையானின் வேலையைத் துரு செய்து முடித்திருக்கிறது.

இத்துறை இன்னும் வாய்மொழி மரபில் நிற்பதால் குழப்பம் மிகுதி. பெயின்ட் கடைக்காரர் ஒன்று சொல்வார். பட்டி பார்ப்பவர் அதை மறுப்பார். இருவரையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வண்டிக்காரர் மூன்றாவது ஒன்றை வாங்கி வருவார். மூவரும் சொல்லும் காரணம் ஒன்றே: காசு கம்மி. ஆகவே மலிவு என்பதன் இலக்கணத்தை வரையறுப்பது முதற் கடமை. அதற்கு முன் மூலபாடத்தைத் தீர்மானித்துவிடுவோம்.

மாஸி என்றால் சிவப்பு என்று காவிரிப் படுகையில் சின்னப் பிள்ளையும் சொல்லும். வரலாறு அவ்வளவு இடம் கொடுக்கவில்லை. ஹாரி ஃபெர்குசன் 1946இல் இங்கிலாந்தில் இறக்கிய டி.இ.20 தலை முதல் சக்கரம் வரை சாம்பல் நிறம். 1956இல் அங்கே வந்த 35 கூடச் சாம்பல் பானெட்டும் தங்கநிற எஞ்சினுமாகத்தான் வந்தது. 1957 முடிகிற நேரத்தில்தான் சிவப்பு பானெட், சாம்பல் எஞ்சின் என்று மாறியது. 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் 1035, தன் வம்சாவளியைப் பெயரின் கடைசி இரண்டு இலக்கங்களிலேயே எழுதி வைத்திருக்கிறது. மகிந்திராவின் சிவப்புக்கும் இதே கதை. 1963இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு கூட்டுச் சேர்ந்து அவர்கள் கொண்டுவந்தது பி-275. அந்த அமெரிக்க நிறுவனத்தின் ஃபார்மால் வண்டிகளும் 1936 நவம்பருக்கு முன்பு சாம்பல் பூசியவையே. ஆகவே கண்டிப்பான பதிப்பாளர், மேலும் மேலும் மூலத்தைத் தேடிப் போனால், ஊரிலுள்ள அத்தனை சிவப்பு டிராக்டரையும் சாம்பலாக்கிவிட வேண்டியிருக்கும். அவர் அதன்பின் அந்த ஊரில் குடியிருப்பது பற்றி இந்த ஆய்வு கருத்துச் சொல்லாது.

சரி, சிவப்பே என்று முடிவு. எந்தச் சிவப்பு? இங்கேதான் அறிஞர்கள் பிளவுபடுகிறார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 5 வண்ண அட்டவணையில் 537 சிக்னல் ரெட், 538 போஸ்ட் ஆபீஸ் ரெட். எண்ணில் பக்கத்து வீடு. கண்ணில் மட்டும் பங்காளிப் பகை. டப்பா ரெடிமேடாகக் கிடைக்கும் என்பதால் 'டிராக்டர் செவப்பு குடுங்க' என்று கேட்பவர் கையில் பெரும்பாலும் பி.ஓ. ரெட்டே வந்து சேரும். தபால்பெட்டிக்கு உரிய நிறத்தில் வயல் நடுவே ஒரு வண்டி நிற்பதால் இதுவரை அதற்குள் யாரும் கடிதம் போட்டதாகப் பதிவில்லை. எனவே நடைமுறையில் தீங்கில்லை என்க.

'கம்ப்யூட்டரில் கலந்து அப்படியே எடுத்துத் தருகிறேன்' என்பவரிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. கருவி பொய் சொல்வதில்லை. வெயிலில் வெளுத்த பானெட்டைக் காட்டினால் வெளுத்த நிறத்தை அப்படியே பிரதியெடுத்துத் தரும். முப்பது ஆண்டு வெயிலை நாம் காசு கொடுத்து லிட்டர் கணக்கில் வாங்கி வருவோம். மாதிரி எடுக்க வேண்டிய இடம் பானெட்டின் உள்பக்கம், அல்லது பேட்டரித் தட்டுக்குக் கீழே வெயில் படாத மூலை. மூலபாடம் எப்போதும் உள்ளட்டையில்தான் பிழைத்திருக்கும்.

நிறத்தையே மாற்றிவிடலாமே என்பாருக்கு: ஆர்.சி. புத்தகத்தில் நிறத்துக்கு என்று ஓர் இடம் இருக்கிறது. மாற்றினால் அங்கேயும் மாற்ற வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, ஆலிவ் பச்சையை இராணுவத்துக்கு என்று ஒதுக்கிவிட்டதையும் நினைவில் வைக்கவும். ஜான் டியர் பச்சை வேறு, ஆலிவ் பச்சை வேறு. செக்போஸ்ட்டில் இந்த நுண்வேறுபாட்டை விளக்க நேர்வது யாருக்கும் இனிமையானதல்ல.

இனிப் பிறர் மதங்கள். நன்னூல் எழுவகை மதம் கூறும். பெயின்ட் கடையில் வழங்குவது மூன்றே.

முதலாவது என்.சி. மரபு. நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர். 1923இல் டூபான்ட் நிறுவனம் 'டூக்கோ' என்ற பெயரில் கொண்டுவந்து, கார் ஒன்றுக்கு வாரக்கணக்கில் காய்ந்துகொண்டிருந்த பெயின்டை மணிக்கணக்குக்கு இறக்கிய சரக்கு. நிமிடங்களில் காயும் என்பதே இதன் பெருமை, அதுவே இதன் சிறுமையும்கூட. தின்னர் சட்டென்று ஆவியாகும்போது தகடு குளிர்கிறது. ஈரக்காற்று அதன்மேல் வியர்க்கிறது. பளபளப்புக்குப் பதிலாக வெள்ளை மூட்டம் படிகிறது. ஐப்பசியில் என்.சி. அடித்தவர்களுக்கு இது தெரியும். அதைவிடப் பெரிய விபரீதம், பழைய எனாமல் மேல் என்.சி.யை அடிப்பது. அதன் தின்னர் கீழே உள்ளதை ஊறவைத்துச் சுருட்டிக்கொண்டு எழும். உரை வந்து மூலத்தைக் கிழித்த கதையாகும். போதாக்குறைக்கு டீசல் டேங்க் மூடியைச் சுற்றி வழிகிற இடத்தில் இதற்கு ஆயுள் குறைவு. இம்மதம் மறுக்கப்பட்டது.

இரண்டாவது பி.யு. மரபு. பாலியூரித்தேன். பெயின்ட் ஒரு டப்பா, ஹார்டனர் ஒரு டப்பா. கலந்த பின் சில மணி நேரத்துக்குள் அடித்து முடித்தாக வேண்டும், மிஞ்சினால் டப்பாவோடு கல்லாகிவிடும். வெயில் தாங்கும், டீசல் தாங்கும், பளபளப்பு நிற்கும். விலை எனாமலைப் போல இரு மடங்குக்கு மேல். ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். ஸ்பிரே கன்னிலிருந்து பனிபோல் பறப்பதைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரும், வந்தால் போகாது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடிப்பது பாதுகாப்பு ஆகாது. அதற்கென்று உள்ள மாஸ்க் இல்லாத பட்டறையில் பி.யு. கேட்கவே கூடாது. இதில் வேடிக்கைக்கு இடமில்லை.

மூன்றாவது சிந்தெடிக் எனாமல். கிரில் கேட்டுக்கும் கட்டிலுக்கும் அடிக்கிற அதே சரக்கு. டர்பன்டைன் போதும், பிரஷ் போதும், ஒரு ராத்திரி போதும். குறை என்னவென்றால், வெயில் இதன் ரெசினைச் சிதைத்து நிறத்தூளை மட்டும் மேலே நிறுத்திவிடும். மட்கார்டில் சாய்ந்து பேசிவிட்டு எழுந்தவரின் வேட்டி சிவந்திருந்தால் அது எனாமல் மூன்றாம் நான்காம் வெயிலைத் தாண்டிவிட்டது என்பதற்கு நேரடிச் சான்று.

கடைமுனையில் நிகழும் விவாதம் பெரும்பாலும் இப்படிப் போகும்:

"எனாமலாண்ணே, பி.யு.வா?"

"சேத்துல எறங்குற வண்டிதான் தம்பி."

"அப்ப எனாமலே போதும்ணே. ஆனா ப்ரைமர் நல்லதா எடுத்துக்குங்க."

"ப்ரைமர்தான் வெளிய தெரியாதே. அதுக்கு எதுக்கு நல்லது?"

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் தமிழகத்துப் பழைய டிராக்டர்களின் தலையெழுத்து அடங்கியிருக்கிறது.

இப்போது மலிவின் இலக்கணம். பெயின்ட் விலையோடு கூலியைக் கூட்டு. வந்ததை, அந்தப் பூச்சு நிற்கும் ஆண்டுகளால் வகு. டப்பா எதுவானாலும் தேய்க்கிற கூலி ஒன்றுதான். பட்டி பார்க்கிற கூலி ஒன்றுதான். மொத்தச் செலவில் டப்பாவின் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறிது. 35 குதிரைசக்தி வண்டியின் பானெட், கிரில், இரண்டு மட்கார்டு எல்லாவற்றையும் இரு பக்கமும் கணக்கிட்டால் ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வரும். எனாமல் லிட்டருக்கு ஒரு கோட்டில் 10 சதுர மீட்டர் போகும் என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு 2 லிட்டர். அந்த 2 லிட்டரில் மிச்சம்பிடிக்கத்தான் மூன்று கடை ஏறி இறங்குகிறோம். ஏறி இறங்கிய டீசலை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பூச்சு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை மேலே உள்ள சிவப்பு தீர்மானிப்பதில்லை. கீழே உள்ள ரெட் ஆக்சைடும், அதற்கும் கீழே கழுவிய கழுவலும்தான் தீர்மானிக்கின்றன. ரெட் ஆக்சைடில் ஒரு தத்துவச் சிக்கலும் உண்டு. அதன் நிறமி இரும்பு ஆக்சைடு. துருவும் இரும்பு ஆக்சைடின் குடும்பமே. முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, அது இதுதான். வெயிலில் எளிதில் வெளுக்காத சிவப்பும் இது. அப்படியானால் ரெட் ஆக்சைடோடு நிறுத்திவிடலாமே, அதைவிட மலிவு ஏது என்று ஒரு சாரார் வினவுவர். தெருவில் அப்படி நிறுத்திய வண்டிகளையும் காணலாம். பொருந்தாது. ப்ரைமர் ஈரத்தை உறிஞ்சும். மேலே மூடாமல் ஒரு மழைக்காலம் விட்டால் அடியில் மறுபடி துரு கிளம்பும்.

கழுவலுக்கு வருவோம். மண்ணெண்ணெய் கிரீஸைக் கரைக்கும், ஆனால் தானும் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அதன்பின் சோப்புத்தூள் தண்ணீர் போட்டுத் தேய்க்காதவர் இரும்பின்மேல் பெயின்ட் அடிக்கவில்லை, எண்ணெய்மேல் அடிக்கிறார். முன்பு யாராவது சிலிகான் பாலிஷ் போட்டிருந்தால் புதுப் பெயின்ட் அங்கங்கே விலகி மீன்கண் போல வட்டம் வட்டமாக விழிக்கும். சொரசொரத் துருவை 80இல் எடுத்து, 220இல் சமன்செய்து, பட்டி பார்த்து, மறுபடி தேய்த்து, ப்ரைமர் அடித்து, 400இல் தண்ணீர்விட்டு இழைத்து... ஒரு வேலைக்கு ஆறு பங்கு தேய்ப்பு, ஒரு பங்கு பெயின்ட். ஆறு பங்கை விட்டுவிட்டு ஒரு பங்குக்குத்தான் நாம் விமர்சனம் எழுதுகிறோம்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. சம்பா அறுவடை தை, மாசியில் ஓயும். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. இடைப்பட்ட மூன்று நான்கு மாதமும் வண்டிக்கு ஓய்வு, காற்றில் ஈரமும் கம்மி. பனி உலர்ந்த காலை வேளையில், தகடு சுடுவதற்கு முன், அடித்து முடிக்கலாம். நம்மவர்களோ ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அடிக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். பாதி காய்ந்த எனாமலில் மறுநாள் காலை சந்தனமும் குங்குமமும் அப்பப்படும். அந்தப் பொட்டு பிறகு போகாது. அடுத்த பதிப்பாளருக்கு அது ஒரு பாடபேதம்.

தன்மதம் நாட்டி முடிக்கிறேன். ரிம், சேசிஸ், எஞ்சின், கலப்பை இவற்றுக்கு எனாமல். கேஜ் வீலும் சேறும் தாளும் சுரண்டும் இடத்தில் விலை உயர்ந்த பூச்சு வெயிலைச் சந்திக்கும் முன்பே போய்விடும். மிஞ்சிய எனாமலை இறுக மூடி வைத்தால் சுரண்டிய இடத்தில் அடுத்த ஆண்டு வீட்டாரே பிரஷ்ஷால் தொட்டுவிடலாம். பானெட்டுக்கு மட்டும், கையில் காசும் பட்டறையில் மாஸ்க்கும் இருந்தால், வெறும் தகடு வரை தேய்த்துவிட்டு பி.யு. அடிக்கலாம். விற்பதற்காக அடிப்பதாயின் எதையும் அடிக்காதீர்கள். பழைய வண்டியில் புதுப் பெயின்டைக் கண்ட எவரும் நகத்தால் கீறிப் பார்த்துவிட்டே விலை பேசுவர். கழுவிய வெளிறலுக்குக் கிடைக்கும் நம்பிக்கை பளபளப்புக்குக் கிடைப்பதில்லை.

பெயின்டர் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரேடியேட்டர் மீதும் கிரீஸ் நிப்பிள் மீதும் கன்னைத் திருப்பாதீர்கள். முக்கியமாக, சேசிஸ் நம்பர் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு அடியுங்கள். பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது அந்த எண்ணைப் பென்சிலால் தேய்த்துத் தாளில் எடுத்துக் காட்ட வேண்டும். மூன்று கோட் எனாமலுக்குக் கீழே உள்ள எண் எந்தப் பென்சிலிலும் ஏறாது.