மாதவரத்தில் இரத்தக்காட்டேரி – ஓநாய்மனிதர் போர்: ஒரு சாத்தியக்கூற்று ஆய்வு

இரத்தக்காட்டேரிகளுக்கும் ஓநாய்மனிதர்களுக்கும் உள்ள பரம்பரைப் பகைக்கு முதன்மைச் சான்று, லென் வைஸ்மன் இயக்கி 2003இல் வெளிவந்த 'அண்டர்வேர்ல்ட்' திரைப்படம். புடாபெஸ்டில் எடுக்கப்பட்டது, 2016க்குள் ஐந்து பாகங்கள் வந்துவிட்டன. இரவு, மழை, கறுப்புத் தோலாடை, துப்பாக்கி ஆகிய நான்கும் இப்போரின் அடிப்படைக் கூறுகள். வடசென்னை மாதவரத்தில் இரவுக்குக் குறைவில்லை. மழை ஐப்பசியில் வரும். தோலாடையைச் சித்திரையில் ஒரு மணி நேரம் அணிந்த காட்டேரிக்கு எதிரி தேவைப்படாது. துப்பாக்கி இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

முதலில் இடம். ஓநாய்மனிதர் குடியிருப்பது நிலத்தடியில். படத்தின் முதல் சண்டையே சுரங்க ரயில் நிலையத்தில்தான். 2022 அக்டோபரில் மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காக 'நீலகிரி' என்ற துளையிடும் இயந்திரம் மாதவரம் பால்பண்ணையில் பூமிக்குள் இறங்கியதோடு, ஊருக்கு நிலத்தடி இல்லை என்ற குறை நீங்கியது. மூன்றாம் வழித்தடம் சிறுசேரி சிப்காட் வரை போவதால், ஓநாய்மனிதருள் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்களுக்கும் சௌகரியமே. காட்டேரிகளுக்குப் படத்தில் காட்டப்படுவது போன்ற அரண்மனை இங்கே வாடகைக்குக் கிடைக்காது. ஆனால் பகலில் தூங்கி இரவில் பிழைக்க, ஆந்திரா பஸ்கள் புறப்படும் பேருந்து நிலையமும் லாரி நிலையமும் இருக்கின்றன.

அடுத்து ஆயுதம். ஓநாய்மனிதனைக் கொல்வது வெள்ளி. சாதாரண வெள்ளிக் குண்டை அவன் தோண்டி எடுத்துவிடுகிறான் என்பதால், படத்தில் காட்டேரிகள் திரவ வெள்ளி நைட்ரேட் அடைத்த குண்டு செய்கிறார்கள். இவ்வளவு சிரமம் ஐரோப்பாவில் மட்டுமே தேவைப்படும். மாதவரத்தில் கல்யாணமான பெண்ணின் இரண்டு கால் விரல்களிலும் மெட்டி, கணுக்காலில் கொலுசு, கைக்குழந்தையின் இடுப்பில் அரைஞாண் கொடி, பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழ் என்று ஒரு சராசரி வீடே ஆயுதக் கிடங்கு. மூலக்கடையில் ஷேர் ஆட்டோ ஏறும் ஓநாய்மனிதன், பக்கத்து இருக்கையில் கொலுசுச் சத்தம் கேட்டால் இறங்கி நடப்பதே நல்லது. ஓநாய்மனிதர் பதிலுக்குப் பயன்படுத்துவது புறஊதா ஒளி நிரம்பிய குண்டு, அதாவது அடைத்து வைத்த வெயில். மாதவரத்தில் அதை அடைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே போர் தொடங்கினால் இரு தரப்பும் பொதுமக்களிடம்தான் தோற்கும்.

போருக்குக் காரணம் என்ன என்பதில்தான் ஆய்வு சற்று நிற்க வேண்டியிருக்கிறது. படத்தின்படி இரு குலத்துக்கும் மூதாதை ஒருவரே: ஐந்தாம் நூற்றாண்டு ஹங்கேரியின் அலெக்சாண்டர் கார்வினஸ். அவருடைய ஒரு மகனை வௌவால் கடித்தது. இன்னொருவனை ஓநாய் கடித்தது. பங்காளிச் சண்டை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் இதில் மருத்துவமும் இருக்கிறது. ஸ்பெயின் நாட்டு நரம்பியல் மருத்துவர் குவான் கோமஸ்-அலோன்சோ 1998இல் 'நியூராலஜி' இதழில் எழுதிய கட்டுரை, காட்டேரிக் கதையின் வேர் வெறிநாய்க்கடி நோயாக இருக்கலாம் என்று வாதிடுகிறது. தூக்கமின்மை, ஒளியும் கடும் நெடியும் தாங்காமை, தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகுதல், பிறரைக் கடிக்கப் பாய்தல் எல்லாம் அந்நோயின் குறிகள். காட்டேரிப் பீதி பரவிய 1720களில் ஹங்கேரியில் விலங்குகளிடையே இந்நோய் பெருகியிருந்ததையும் அவர் எடுத்துக்காட்டுகிறார். வௌவாலும் ஓநாயும் ஒரே கிருமியைச் சுமக்கக்கூடியவை. கார்வினஸ் குடும்பத்தின் பிரச்சினை, குலப்பகை என்பதைவிடச் சுகாதாரத் துறைக்கு உரியது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் மாதவரத்தை விடப் பொருத்தமான களம் கிடையாது. 1989இல் தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் பால்பண்ணையில்தான் இருக்கிறது. சிக்கல் ஒன்றே: ஓநாய்மனிதனைச் சேர்ப்பது எங்கே? மற்ற நாட்களில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை, பௌர்ணமி இரவில் வேப்பேரி கால்நடை மருத்துவமனை என்பதே நடைமுறைக்கு ஒத்த ஏற்பாடு. இரத்தம் குடிக்கும் வௌவால்கள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு என்பதால் காட்டேரித் தரப்புக்கு இங்கே ஆள் சேராது. அந்த வேலையைக் கொசு செய்துகொள்கிறது. அதிலும் பெண் கொசு மட்டும். எதிர்த்தரப்பு பலமானது. இந்தியாவில் வெறிநோய் மனிதருக்கு வருவது பெரும்பாலும் நாயால்தான்.

படத்தின் நாயகன் ஒரு மருத்துவர். கடிபட்ட பிறகும் காயத்தோடு ஊர் சுற்றுகிறார். மாதவரவாசி அதைப் பின்பற்ற வேண்டாம். கடிவாயை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலுக்குள் போடும் தடுப்பூசியின் தவணை 0, 3, 7, 28ஆம் நாட்கள். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 29½ நாட்கள் இருப்பதால், பௌர்ணமியன்றே கடிபட்டாலும் அடுத்த பௌர்ணமிக்குள் ஊசி முடிந்துவிடும்.