ஒரு ஓட்டின் எடை

கேள்வி: டீக்கடையில் தேர்தல் பேச்சு வந்தாலே, “என் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது?” என்கிறார்களே? (வாசகர், தொண்டூர், செஞ்சி)

பதில்: 2016-ல் ராதாபுரத்தில் வெற்றி வித்தியாசம் 49 ஓட்டு. ஒரு டவுன் பஸ்ஸில் அடங்கிவிடும் கூட்டம்! 2021-ல் தியாகராய நகரில் 137. ராஜஸ்தானின் நாத்துவாராவில் 2008-ல் சி.பி.ஜோஷி தோற்றது ஒரே ஓட்டில். முதல்வராவார் என்று பேசப்பட்டவர். இதெல்லாம் அபூர்வம் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த அபூர்வம் எந்தத் தொகுதியில் நேரும் என்பது எண்ணி முடிக்கும்வரை யாருக்கும் தெரியாதே! யாரையும் பிடிக்கவில்லையா? 2013 முதல் நோட்டா இருக்கிறது. அது அதிக ஓட்டு வாங்கினாலும் வேட்பாளர்களில் அதிக ஓட்டு பெற்றவரே ஜெயிப்பார். ஆனாலும் உங்கள் மறுப்பு கணக்கில் ஏறும். வீட்டிலேயே இருந்தவரின் கோபம் எதிலும் ஏறாது. பூத்வாரியாக ஓட்டு விவரம் வெளியாகிறது. கட்சிக்காரர்கள் அதைத்தான் புரட்டிப் பார்க்கிறார்கள்.