உப்பு வண்டியும் வீட்டு வண்டியும்

கீழ்புத்துப்பட்டிலிருந்து காஷ்மீர் வரை, வண்டியிலேயே குடியிருந்து போய்வர என் அக்கா மகன் திட்டம் போட்டிருக்கிறான். முதல் நாள் கிருஷ்ணகிரி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே மரக்காணம், அங்கிருந்து மேற்கே திரும்பித் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை. கிருஷ்ணகிரியில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துவிட்டால் ஸ்ரீநகர் வரைக்கும் அதே சாலைதான். செல்போனில் விரலால் இழுத்துக் காட்டினான். கிருஷ்ணகிரிக்கு ஐந்து மணி நேரம் என்றது போன். அந்த நீலக்கோட்டில் செங்கம் வரைக்கும் உள்ள துண்டு, என் தாத்தாவின் உப்பு வண்டிகள் போன தடம்.

அவனுக்கு அது தெரியாது. அவன் பிறப்பதற்கு முன்பே லாரி வந்து, மாடுகளை விற்று, வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை எடைக்குப் போட்டாகிவிட்டது.

மரக்காணம் அளத்தில் தை மாசியில் பாத்தி கட்டி, வெயில் ஏற ஏற உப்பு வாரத் தொடங்குவார்கள். அதற்கப்புறம் தாத்தாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. அம்பாரத்திலிருந்து கல்லுப்பை வண்டியில் கொட்டி, மேலே பனையோலைப் பாய் போட்டுக் கயிற்றால் இறுக்கி, பொழுது சாயும்போது மாடு பூட்டுவார். பகல் வெயில் மாட்டுக்கு ஆகாது, அதனால் இரவில்தான் ஓட்டம். பல வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அடியில் அரிக்கேன் விளக்குகள் ஆடிக்கொண்டு வரும். செங்கம் சேர ஒரு வாரம் ஆகும். உப்பை அளந்து கொடுத்து நெல், கேழ்வரகு, மல்லாட்டை என்று வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். சில நடைகளில் ஆயாவும் சமையலுக்கு என்று உடன் போகும். கோடை விடுமுறையில் செஞ்சி வரைக்கும் என்னையும் உப்புப் பாரத்துக்கு மேல் உட்கார வைத்துக் கூட்டிப்போயிருக்கிறார்கள்.

புறப்படுவதற்கு முன் தாத்தா செய்த ஒரு வேலை கண்ணிலேயே நிற்கிறது. வைக்கோலைச் சுட்டுக் கரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து வண்டி மை செய்வார். அதை ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டியின் பக்கத்தில் தொங்கவிடுவார். கடையாணியைத் தட்டிக் கழற்றி, சக்கரத்தை வெளியே இழுத்து, அச்சில் அந்த மையைக் குச்சியால் தடவுவார். தடவி முடித்தபின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோவார். சத்தம் சரியில்லை என்றால் திரும்பவும் கழற்றுவார். அந்த மை துணியில் பட்டால் போகவே போகாது. ஆயாவின் எல்லாப் புடவையிலும் ஓர் ஓரத்தில் அது இருந்தது.

திட்டம் என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் எந்த ஏரியில் எந்த மாதம் வரை தண்ணீர் இருக்கும், எந்த ஊர்ப் புளியந்தோப்பில் வண்டி அவிழ்க்க விடுவார்கள், எங்கே லாடம் கட்டுகிறவர் இருக்கிறார், எந்த வீட்டில் போன வருஷத்து நெல் பாக்கி என்பதெல்லாம் தாத்தாவின் நாக்கில் இருந்தது. ஆயாவுக்கு இன்னும் நுணுக்கமாகத் தெரியும். இன்ன ஊரில் இன்ன வீட்டுப் பெண்ணுக்கு எத்தனையாவது மாசம் என்பது வரைக்கும். போகிற வழியில் உறைமோர் கேட்கவும், தீட்டிய அரிசி வாங்கவும் அந்த வீடுகள் வேண்டியிருந்தன.

இப்போது அக்கா மகனின் வண்டியைச் சொல்கிறேன். பழைய ஃபோர்ஸ் டிராவலர் வேன். உள்ளே மடக்குக் கட்டில், அதற்கு அடியில் தண்ணீர்த் தொட்டி, லித்தியம் பேட்டரி, கூரையில் சோலார் தகடு, சின்ன ஃபிரிட்ஜ், கேஸ் அடுப்பு, கழிப்பறைப் பெட்டி. நம் ஊரில் இதைக் கேரவன் என்றுதான் சொல்கிறார்கள். இப்படி மாற்றிக் கட்டினால் பதிவுச் சான்றிதழில் அனுமதி வாங்கியாக வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. அதற்கும் அலைந்து முடித்துவிட்டான். வேலை சுத்தம். தட்டினால் எங்கும் கடகடவென்று ஆடவில்லை. தாத்தா இருந்திருந்தால் காதை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டியிருப்பார்.

அவன் தூக்கமில்லாமல் திட்டம் போடுவது இரண்டு விஷயங்களுக்கு: இரவில் வண்டியை எங்கே நிறுத்துவது, தண்ணீரை எங்கே பிடிப்பது. டீசலுக்குக் கவலை இல்லை. வழி தெரியாமல் போகிற கவலையும் இல்லை. இந்த இரண்டுக்கு மட்டும் ஒரு பெரிய அட்டவணை வைத்திருக்கிறான். எந்தப் பெட்ரோல் பங்க்கில் படுக்க விடுவார்கள், எந்த தாபாவில் சாப்பிட்டால் குழாயைத் திறந்து விடுவார்கள், எந்தக் கோயில் வாசலில் காவலாளி எழுப்பிவிட மாட்டார் என்று ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு வரி. தாத்தாவின் வண்டியில் தண்ணீர்த் தொட்டி கிடையாது, ஒரு தோண்டியும் கயிறும்தான் இருந்தன. வழியெல்லாம் கிணறும் குளமும் இருந்ததால் அது போதும். சாலை ஓரத்தில் சத்திரம், சாவடி, மாட்டுக்குக் கல்தொட்டி, தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல், ஊருக்கு ஊர் வண்டிப்பேட்டை. யாரோ புண்ணியத்துக்குக் கட்டியவை, யாரோ மகராசி வயிற்றுப் பிள்ளையோடு செத்ததற்காக நட்டவை. மண் சாலை குண்டும் குழியுமாகத்தான் இருந்தது. ஆனால் தங்குகிறவனுக்கு வேண்டியதைச் சாலையே வைத்திருந்தது. இன்று சாலை கண்ணாடி மாதிரி இருக்கிறது, தங்குகிறவன்தான் கிணற்றையும் சத்திரத்தையும் முதுகில் கட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. எனக்கு இது உண்மையாகவே வலிக்கிறது.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரைக்கும் 46 கிலோமீட்டரை நான்கு வழிச்சாலையாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மதிப்பு 2,157 கோடி ரூபாய். சாலை வேண்டும், இங்கே விபத்தில் போன உயிர்களை நினைத்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அத்தனை கோடியில் உப்பளத்துப் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்க நிழலும், ஓட்டுநர்கள் முகம் கழுவத் தண்ணீரும், வண்டி நிறுத்த மரமும் சேர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

உப்பு வண்டி தாத்தாவோடு தொடங்கியதில்லை. உப்பை வண்டியேற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோன உமணர்கள் சங்கப் பாட்டு முழுக்க வருகிறார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் உமணர் வண்டி வருகிறது. கூரை போட்ட வண்டி. அதில் காடிப் பானை கட்டியிருக்கிறது, சிற்றுரல் தொங்குகிறது, கோழி அடைகிற கூடு இருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் நுகத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மாடு ஓட்டுகிறாள். ஆண்கள் மாற்று எருதுகளோடு பக்கத்தில் நடக்கிறார்கள். சமையல், படுக்கை, குழந்தை, கோழி எல்லாம் சக்கரத்தின் மேல். மேடோ பள்ளமோ, எங்கே என்ன ஆகுமோ என்று அடியில் சேம அச்சு ஒன்றும் கட்டியிருப்பார்கள். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் அதியமான் மகனுக்கு அந்த அச்சைத்தான் உவமை சொல்கிறார். அக்கா மகன் வண்டியின் பின்கதவில் மாட்டியிருக்கும் ஸ்டெப்னியைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாட்டுத்தான் ஞாபகம் வருகிறது.

சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனாரின் ஊர் இடைக்கழிநாட்டு நல்லூர். இடைக்கழிநாடு மரக்காணத்துக்கு வடக்கே, இதே கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது. அவர் பாணனுக்குச் சொல்லும் வழி எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில். கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்று சொல்லும் ஆராய்ச்சியாளர்கள் உண்டு. வழி சொல்லும்போது அவர் தூரத்தை அளந்து சொல்லவில்லை. கடற்கரையில் சுட்ட மீனும் தேறலும் தருவார்கள், வேலூரில் புளியிட்ட சோறும் சுட்ட இறைச்சியும் தருவார்கள், ஆமூரில் நண்டுக் கறியோடு வெள்ளைச் சோறு தருவார்கள் என்று யார் வாசலில் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்கிறார். நம் நீலக்கோட்டின் மறுமுனையில் செங்கம் இருக்கிறதே, அந்தச் செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் போகிற வழியைப் பாடுவதுதான் மலைபடுகடாம். ஒரே பாதையில் ஒரு நுனிக்கு ஒரு வழிகாட்டி, மறு நுனிக்கு ஒரு வழிகாட்டி. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே இதைச் சொல்லித் தந்திருக்க வேண்டும்.

அதே பாட்டில் வரும் ஒரு குரங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உமணர் வண்டிகளோடு ஒரு மந்தியும் பயணம் வந்ததையும், அது உமணர் குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடியதையும் நத்தத்தனார் பதிந்து வைத்திருக்கிறார். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-இல் ஒரு லாரியில் வீடு அமைத்துக்கொண்டு, சார்லி என்ற நாயோடு தன் நாட்டைச் சுற்றிவந்து, 1962-இல் புத்தகம் போட்டார். அக்கா மகனுக்கு அந்தப் புத்தகம்தான் வேதம். உப்பு வண்டியோடு குரங்கே போயிருக்கிறது என்று சொன்னதும் மலைத்துப்போனான். அன்று இரவே சிறுபாணாற்றுப்படையை உரையோடு சேர்த்துப் படித்தான்.

பயணத்தை எப்படிப் பதிவது என்பதில்தான் எனக்கும் அவனுக்கும் நெடுநேரப் பேச்சு. ஓடிய கிலோமீட்டர், டீசல், சுங்கச்சாவடிக்குக் கழிந்த காசு எல்லாம் தானாகவே பதிந்துவிடும். மேலே பறந்து படம் பிடிக்க டிரோன் வாங்கி வைத்திருக்கிறான். முதல் படம் கழுவேலியில் என்றான். வேண்டாம் என்றேன். அது 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம், 5,000 ஹெக்டேருக்கு மேல். குளிர்காலத்தில் எங்கிருந்தோ பறந்து வந்து இறங்கியிருக்கும் பறவைகளை ஒரு படத்துக்காகக் கலைக்கக் கூடாது. கேட்டுக்கொண்டான்.

அவனிடம் ஏனுகுல வீராசாமியைப் பற்றிச் சொன்னேன். மதராஸ் சுப்ரீம் கோர்ட்டில் வேலை பார்த்தவர். 1830 மே மாதம் பெரும் கூட்டத்தோடு காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் திரும்பினார். தெலுங்கில் நாள்வாரியாக எழுதிவைத்தார். இந்த ஊரில் சத்திரம் உண்டா, கடை உண்டா, தண்ணீர் எப்படி, பாதை மணலா பாறையா என்று ஒவ்வொரு தங்கலுக்கும் குறிப்பு. பின்னால் வருகிறவனுக்கு உதவட்டும் என்று எழுதிய எழுத்து அது. “நீயும் அப்படி எழுதுடா, தண்ணி கொடுத்தவங்களை எழுது, அவங்க ஊரை எழுது” என்றேன். “எழுதறேன் மாமா. தாத்தா ஊரு ஊரா யார்கிட்ட நெல் வாங்குனாருன்னு நீ சொல்லு, அங்கெல்லாம் நிறுத்தறேன்” என்றான். எனக்குத் தெரிந்தது செஞ்சி வரைக்கும். அதற்கு மேலே உள்ள ஊர்களின் பெயர்கள் ஆயாவோடு போய்விட்டன. அந்த ஊர்களில் உப்பு வண்டி ஞாபகம் உள்ள கிழவர்கள் ஒருவர் இருவராவது இருப்பார்கள், விசாரித்து எழுது என்று சொல்லியிருக்கிறேன். அவர்களும் போவதற்குள் இதைச் செய்தாக வேண்டும்.

வண்டிக்குள் மரவேலையும் பெயிண்ட் வேலையும் செய்தவன் எங்கள் ஊர் முகாம் பையன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்குக் கீழ்புத்துப்பட்டு என்றால் ஐயனார் கோயிலும் அதன் காடும்தான். இலங்கைத் தமிழர் முகாம் அதே சாலையோரத்தில் இருக்கிறது. 2021-இல் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றியது. படகேறி வந்தவர்கள் கிழவர்களாகிவிட்டார்கள். இவன் இங்கே பிறந்தவன், கடலுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. கட்டிலை மடக்கினால் மேசை ஆகிறமாதிரி கீல் வைத்தது இவன் யோசனை. தண்ணீர்த் தொட்டி ஆட்டத்தில் உடையாமலிருக்க அடியில் ரப்பர் கட்டியதும் இவன்தான். ஆணி ஒவ்வொன்றையும் தலை உள்ளே போகும்படி இறக்கி, மேலே பட்டி பார்த்து, கையால் தடவித் தடவித் தேய்த்தான்.

“கிருஷ்ணகிரி மட்டுமாவது வாடா, வழியில ஏதாவது கழண்டா நீ இருக்கணும்” என்று அக்கா மகன் கூப்பிட்டான்.

“செக்கிங் இருக்கண்ணா. ஆள் நிக்க வேணும்” என்றான் அவன்.

முகாமில் மாதந்தோறும் ஆள் கணக்கு எடுப்பார்கள். அன்றைக்கு நேரில் நிற்காவிட்டால் உதவித்தொகையிலிருந்து பதிவு வரைக்கும் சிக்கல். வெளியே இரவு தங்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும். காஷ்மீர் வரை போகிற வண்டியைத் தன் கையால் கட்டியவன், கிருஷ்ணகிரியில் ஒரு ராத்திரி படுக்க மனு எழுத வேண்டியிருக்கிறது. இங்கே பிறந்து இங்கே வளர்ந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுங்கள் என்று எத்தனையோ பேர் கேட்டாகிவிட்டது. நானும் இந்தப் பக்கத்தில் எழுதிக் கேட்கிறேன்.

மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள், திண்டிவனம் வழியாகக் கிருஷ்ணகிரி போய்ப் பஸ்ஸில் திரும்பல், காரணம் வாகனப் பழுது பார்ப்பு. அக்கா மகன் புறப்படும் தேதியைச் செக்கிங்குக்கு மறுநாளாக மாற்றிவிட்டான். ஸ்ரீநகர் வரைக்கும் போட்டிருந்த அட்டவணை முழுவதையும் அதற்காகத் திருத்திக்கொண்டிருக்கிறான்.