கொடிக்காலுக்குக் கம்பளி

வாங்க மாப்ள! சிறுகமணிக் கொடிக்காலுக்கு மார்கழிக் குளிர் ஆகாதுன்னு பிளாஸ்டிக் தாளும் சாக்கும் வாங்கிப் போட்டிருக்கீங்களாமே? ரொம்ப நல்ல காரியம். கொடிக்கு ஒண்ணுன்னு மங்கி குல்லாயும் மாட்டிவிட்டிருக்கலாம், வெத்தலைக்குக் காது அடைக்காம இருக்கும்.

போன்ல பாத்ததுதானே? அதுல காட்டுற ஊர்ல பனிக்கட்டி கொட்டுது, அவன் போத்துறான். நம்ம திருச்சியில தை மாசத்து விடியக்காலமே 20 டிகிரியை ஒட்டித்தான் நிக்குது. அந்தக் குளிருக்கு வெத்தலை சாகாது. நீங்க பாசமா விடுற தண்ணிக்குத்தான் சாகும்.

சித்திரை வெயிலுக்கு அகத்தி நிழல் இல்லாம கொடி பொழைக்காது, வாஸ்தவம். அதுக்குத்தானே அகத்தியை முன்னால ஊனி, அது நிமிர்ந்தப்புறம் கொடியைப் பதியம் போட்டு, வாழைநார்ல ஏத்திக் கட்டுறோம்? வேர்ல தழைச்சத்தும் பிடிச்சு வைக்கிற மகராசி அது. ஆனா ஐப்பசி மழையிலயும் அதே அடர்த்தியா விட்டீங்கன்னா உள்ள ஈரம் காயாது. ஒருநாள் பாத்தா இலை மினுமினுப்பு போய்த் தொங்கும். மண்ணை ஒட்டின தண்டை விரலால தொடுங்க, கருத்துப்போன தோல் வழண்டு கையோட வரும். வாடல் நோய். அதுக்கு மேல போர்வை போத்துனா பொணத்துக்குப் போத்துன மாதிரி.

அதனால அகத்திக் கொப்பைக் கழிச்சு வெளிச்சம் விடுங்க, வாய்க்காலை வெட்டி வடிய விடுங்க, பாய்ச்சலைக் குறைங்க. ஐப்பசியிலேர்ந்து தை வரைக்கும் மாசம் ஒருக்கா, இலை கிள்ளி முடிச்ச கையோட, தூருக்குப் போர்டோ கலவை. கால் கிலோ மயில்துத்தம், கால் கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணி. வெத்தலையும் சுண்ணாம்பும் வாயிலதான் சேரும்னு நெனச்சீங்களா? இரும்பு வாளியில மட்டும் கலக்கிடாதீங்க.

வேளாண் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி நிலையம் உங்க ஊர்லயே இருக்கு, சிறுகமணி 1னு ஒரு வெத்தலை ரகமே அங்கதான் வந்தது. அங்க போய் ஒரு வார்த்தை கேக்க மாப்பிள்ளைக்குக் கௌரவம் இடம் கொடுக்கல, பாவம்.

கழிச்ச கொப்பை வரப்புல வீசிடாதீங்க. ஸ்ரீரங்கத்துல வைகுண்ட ஏகாதசிக்கு ராத்திரி பூரா முழிச்சவங்க, மறுநாள் துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை தேடி அலைவாங்க. போன வருசம் நீங்க வீசுனதைத்தான் ஒருத்தன் கட்டுக் கட்டி உத்தர வீதியில உக்காந்து வித்தான். பேரம் பேசாம ரெண்டு கட்டு வாங்கினது உங்க வீட்டம்மாதான்.