ரெஃபரிக்குக் கண்ணு தெரியலியாம்

ஏலே பேராண்டி, இங்க வா. ஒங்கூட்டாளியளயும் கூப்பிடு. இந்தப் புனே ஔந்துல, பரிஹார் சௌக் அம்ருத்துல்யா டீக்கடையில ஒரு மணி நேரமா என்னல சத்தம்? டீ ஆறி ஆடை கட்டிக் கெடக்கு. மகன் வீட்டுக்கு வந்த கெழவன் வாய மூடிட்டு இருக்கணும்தாம். ஆனா கபடின்னு காதுல விழுந்தா எனக்கு இருப்புக் கொள்ளாது.

ரெண்டு கட்சி பேசுனதயும் கேட்டேன். தமிழ் தலைவாஸ் கட்சிக்கு, ரெஃபரி கண்ணு புனே பக்கமே சாயுதாம். இந்த ஔந்துக்காரப் பயலுவ புனேரி பல்டன் கட்சி. அவனுவளுக்கு, டிவிக்காரன் ஸ்டாருக்கு மட்டுந்தாம் குடை பிடிக்கானாம். ரெண்டு பேரு சொல்லுறதும் சரிதாம்ல. தோத்தவன் சொல்லுறது எப்பவுமே சரி. ஜெயிச்சவனுக்கு அதெல்லாம் யோசிக்க எங்க நேரம்?

குடை பிடிக்கறதுல ஒண்ணும் பொய்யில்ல. 2022 ப்ரோ கபடி ஏலத்துல பவன் செஹ்ராவத்த நம்ம தலைவாஸ்காரனுவ 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தாங்க. அதுக்கு முன்ன கபடியில எவனும் அந்த விலைக்குப் போனதில்ல. 'ஹை ஃப்ளையர்'னு பட்டம் வேற. அந்தத் தம்பி எகிறுறதயே டிவியில காட்டிக் காட்டி, மத்த ஆறு பேரு களத்துல என்ன செய்யுதாம்னே மறந்து போச்சு. சீசன் ஆரம்பிச்சு மொத மேட்ச், மொத பாதியே முடியல, முட்டியில அடி. தூக்கிட்டுப் போயிட்டாங்க. அந்த சீசன் அவருக்கு அத்தோட சரி.

நம்ம கூடாரத்துல ஒரே ஒப்பாரி. பொறவு என்ன ஆச்சு? அவரு இல்லாத அந்த டீமுதாம் மொத தடவயா அரையிறுதிக்குப் போச்சு! நரேந்தர்னு மொத சீசன் ஆடுற பொடியன் போட்டு வெளுத்தாம். 2 கோடி 26 லட்சத்தப் பத்திப் பேசுன வாயில ஒண்ணாவது அந்தப் பையன் விலை என்னன்னு கேட்டுச்சா?

அந்த அரையிறுதி, டிசம்பர் 15, மும்பை வோர்லி டோம். எதிர யாரு? இதே புனே. 39-37. ரெண்டே புள்ளி. அன்னையிலருந்துதாம் நம்ம பயலுவளுக்கு ரெஃபரி குருடு.

அதே டோம்லதாம் 2019-ல அமெரிக்காக்காரன் என்பிஏ கூடைப்பந்த இறக்கி ஆடிக் காட்டுனாம்னு நீதானல சொன்ன? விடியக்காலம் எந்திச்சு அதயும் பாக்குத. அங்கயும் இதே கூப்பாடுதாம். ஸ்டாரத் தொட்டா ஃபவுல், சின்னவன முட்டித் தள்ளுனாலும் ஊதமாட்டான்னு. பொறுக்கமாட்டாம 2015-லருந்து, இழுபறி மேட்சு முடிஞ்ச மறுநாளு, கடைசி ரெண்டு நிமிசத்துல ரெஃபரி செஞ்ச தப்பு இன்ன இன்னதுன்னு லீக்கே அறிக்கை விடுது. புள்ளி மட்டும் மாறாது. கருமாதிக்குப் பொறவு மருந்துச்சீட்டு எழுதிக் குடுத்த மாதிரி. அத வச்சுக்கிட்டு நீங்க இன்னும் ஒரு வாரம் சண்ட போடுதிய.

இப்ப நீங்க சண்ட போடுற போனஸ் புள்ளிக்கு வருவோம். ரெய்டருக்கு எதிர ஆறு பேராவது நிக்கணும். ஒரு காலு போனஸ் கோட்டத் தாண்டி ஊணணும், அந்நேரம் மத்தக் காலு அந்தரத்துல இருக்கணும். பெருவிரலு கோட்ட ஒட்டி நிக்கும், பின்னங்காலு குதி தரையில இருந்து ஒரு நூலு எழும்பியிருக்கும். நீங்க பத்து தடவ மெதுவா ஓட விட்டுப் பாத்துட்டு "கண்ணில்லையா"ன்னு கேக்கிய. அந்த மனுசன் பாத்தது ஒரே தடவ, கண்ண மூடித் தொறக்குற நேரம். ஆனாலும் ஒண்ணு ஒத்துக்கிடுதேன். பெரிய ஆளு கட்டை விரலத் தூக்கிக்கிட்டு "போனஸ்"னு திரும்புனா அரங்கமே கத்தும். அந்தச் சத்தத்துல ரெஃபரி கையும் கொஞ்சம் லேசாத்தாம் மேல போவும். அவரும் அதே டிவிதானல பாக்காரு.

எங்க ஊரு பொங்கல் கபடிக்கு பி.டி. வாத்தியார்தாம் ரெஃபரி. அவரு எந்தத் தெருவுல சாப்பிட்டாரோ அந்தத் தெரு ஜெயிக்கும். நாங்க எவனும் வருத்தப்பட்டதில்ல. அடுத்த வருசம் நம்ம தெருவுல கோழி அடிச்சிருவோம்.

நீங்க நியாயத்துக்குக் கத்துறவங்களாச்சே! அப்ப 2023 அக்டோபர் 7-ஐச் சொல்லுங்க. ஹாங்சோ ஆசிய விளையாட்டு, ஈரானோட ஃபைனல், 28-28. இதே பவன் ரெய்டு போயி, ஒருத்தரயும் தொடாம ஓரத்து லாபிப் பட்டைக்குள்ள கால வச்சிட்டாரு. பிடிக்கப் போன ஈரான்காரனுவளும் பின்னாடியே லாபிக்குள்ள. பழைய விதிப்படி உள்ள வந்தவன் அத்தன பேரும் அவுட்டு. ப்ரோ கபடி விதிப்படி ரெய்டரு மட்டும் அவுட்டு. ரெஃபரி ஒண்ணு சொல்ல, மாத்த, மறுபடி மாத்த, ஆட்டம் ஒரு மணி நேரம் கிட்ட நின்னு போச்சு. கடைசியில 33-29, தங்கம் நமக்கு. அன்னைக்கு நீங்க ரெண்டு கட்சியும் ஒரே சோபாவுல உக்காந்து பழைய விதிதாம் சத்தியம்னு கத்துனிய. அதே கால புனேக்காரன் பாலேவாடி மைதானத்துல வச்சிருந்தா நீ எந்த விதியத் தூக்கிட்டு வந்திருப்ப, பேராண்டி?

இன்னொரு கூத்து. அன்னைக்கு ஈரான் பக்கம் நின்ன ஷாத்லூயிய நீங்க திட்டாத திட்டு இல்ல. ரெண்டு மூணு நாள்ல ஏலம். புனே அவரத்தாம் 2 கோடியே 35 லட்சத்துக்குத் தூக்குச்சு. ஒடனே இந்த ஔந்துப் பய போன்ல அவரு படத்த வச்சிட்டாம்.

கெழவன் ஒரு யோசனை சொல்லுதேன், காசு வேண்டாம். ரெஃபரியத் திட்டுறத மேட்சுக்கு முன்னாடியே முடிச்சிருங்க. தோத்தா, அப்பவே சொன்னோமே. ஜெயிச்சா, இத்தன அநியாயத்தயும் மீறி ஜெயிச்சோமே. ரெண்டுலயும் லாபம், தொண்டையும் மிச்சம்.

ஷாத்லூயிய புனே எடுத்த அதே ஏலத்துல பவன 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரத்துக்கு எடுத்த தெலுங்கு டைட்டன்ஸ் அந்த சீசன்ல கடைசி இடத்துல கெடந்துச்சு. கோப்பை புனேக்கு: 2024 மார்ச் 1, ஹைதராபாத், ஹரியானாவ 28-25-னு சாச்சுச்சு. வித்தியாசம் மூணே புள்ளி. அன்னைக்கு ராத்திரி ஔந்துல ஒரு பய ரெஃபரியப் பத்தி வாயத் தொறந்தானால?